சாதுவன் பேசிய மொழி

நாகப்பட்டினத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பௌத்தச் சுவடுகளைத் தேடிப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு போனவன், திரும்பி வந்து கையை விரிக்க வேண்டியிருந்தது. வெளிப்பாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் விசாரித்தேன். "சூடாமணி விகாரமா சார்? அதான் படத்துல வந்துச்சே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. 2023இல் வந்த சினிமாவைத்தான் சொன்னார். கைநீட்டிக் காட்ட அவருக்கு ஊரில் வேறு எதுவும் இல்லை. 1867க்கு முன்னால் கேட்டிருந்தால் வடக்கே கையைக் காட்டியிருப்பார்கள்.

அங்கே, ஊருக்கு வெளியே ஓரிரு மைல் தள்ளி, ஒரு செங்கல் கோபுரம் நின்றிருந்தது. நான்கு பக்கம், மூன்று நிலை; காரை இல்லாமல் செங்கல்லோடு செங்கல் இழைத்துக் கட்டியது. 1846இல் வால்டர் எலியட் பார்த்திருக்கிறார். அவர் எழுதி வைத்த வர்ணனையும் கூட வந்த ஒரு படமும்தான் இன்று அந்தக் கோபுரம். கடலில் வருகிறவர்களுக்கு அது கரை அடையாளம். ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். வெள்ளைக்காரர்களில் சிலர் சீனக் கோயில் என்றார்கள், சிலர் சமணக் கோயில் என்றார்கள். இந்தப் பெயர்களில் எதிலும் புத்தர் இல்லை. 1867இல் யேசு சபைக் குருமார்கள் தங்கள் கல்லூரிக் கட்டிட வேலைக்காக அதை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் கொடுத்தது. அந்த வளாகத்தில் மண்ணுக்கடியிலிருந்து புத்த விக்கிரகங்கள் கிடைத்தன. ஒன்று கவர்னர் நேப்பியருக்குப் பரிசாகப் போயிற்று. அதன் பீடத்தில் தமிழ் எழுத்து இருந்தது.

1856லிருந்து 1930கள் வரை நாகப்பட்டினத்து மண் ஏறத்தாழ 350 புத்த விக்கிரகங்களைக் கொடுத்திருக்கிறது. பெரும்பகுதி எழும்பூர் மியூசியத்துக்கு வந்தது. அங்கிருந்து பல, வேறு மியூசியங்களுக்குப் பிரிந்து போயின. டி. என். ராமச்சந்திரன் 1954இல் இவற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும். தலை உச்சியில் ஒரு சுடரோடு நிற்கிற இந்தப் புத்தர்களை, பக்கத்து ஹாலில் நடராஜரைப் பார்த்துவிட்டு வருகிறவன் பார்த்தால் உடனே தெரிந்துகொள்வான்: வார்த்த கை ஒரே பரம்பரைக் கை. ஆச்சரியம் அது அல்ல. இவற்றின் காலம் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரை நீள்கிறது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடிய பாட்டில் பௌத்தம் தமிழ்நாட்டை விட்டு ஓடிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கதை இந்த வெண்கலத்தின் முன்னால் நிற்கவில்லை. தேவாரத்துக்கு ஏழெட்டு நூற்றாண்டுகள் கழித்தும் இந்தக் கரையில் ஒருவன் மெழுகில் புத்தரை வடித்து உலோகத்தை ஊற்றியிருக்கிறான். யாரோ ஒருவர் காசு கொடுத்து அதை வாங்கி, பீடத்தில் தன் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

செப்பேடுகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அல்லது தெரிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது. ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரில் நாகையில் விகாரம் எடுத்தான். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக விட்டான். அதைச் செம்பில் வெட்டுவித்து நிலைநிறுத்தியவன் மகன் ராஜேந்திரன். 21 ஏடுகள். டச்சுக்காரர்கள் காலத்தில் கடல் கடந்து லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்தன. அதனால் லெய்டன் செப்பேடு என்றே பெயர். அதே ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மேல் கப்பற்படையை அனுப்பினான். கொடுத்த தர்மத்தைச் செம்பில் எழுதினவன், விகாரம் கட்டினவன் வம்சத்து நாட்டைக் கொள்ளையடித்தான். பிறகு 1090இல் கடாரத்து அரசன் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் பழைய உரிமைகளைப் புதுப்பித்து இன்னொரு மூன்று ஏடுகள் கொடுத்தான். இடையில் நாகைக் காரோணத்துச் சிவனுக்குக் கடாரத்து அரசனின் ஆட்கள் வந்து நகைகளும் சீனப் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள், கல்வெட்டு இருக்கிறது.

இதையெல்லாம் எடுத்துப் போட்டு "சமய நல்லிணக்கம்" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பேசட்டும், கெடுதல் இல்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. அந்தச் செப்பேட்டில் இருப்பது நல்லிணக்கம் அல்ல, கணக்கு. எல்லை எது, எந்த வரி யாருக்கு, நெல் எத்தனை கலம், குறுணியும் நாழியும் உட்பட. அன்பால் செய்யாததை அன்பால் செய்ததாகச் சொல்லும்போது, செய்ததன் உண்மையான விசேஷம் மறைந்துபோகிறது. தூரதேசத்தான் ஒருவனும் சோழன் ஒருவனும் ஒருவரையொருவர் முழுக்க நம்பாமலே, ஒருவன் தெய்வத்தை மற்றவன் கும்பிடாமலே, இருவருக்கும் ஆதாயமான ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதற்குள்ளே ஒரு பிக்ஷு உட்கார்ந்து படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கடற்கரையின் பௌத்தம் என்பது இந்த மாதிரி ஏற்பாடுகளில் குடியிருந்த ஒன்று. மலைக்குகையின் பௌத்தம் வேறு.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். என் வழக்கு இலக்கியத்தின் மேல்தான்.

கல்கியை அடிப்பது நமக்குச் சுலபம். வெகு காலமாகச் செய்துவருகிறோம். இருந்தாலும் இந்த இடத்தில் அவரைத் தாண்டிப் போக முடியாது. தமிழன் மனத்தில் நாகை விகாரம் என்று ஒன்று இருக்குமானால் அது அவர் கட்டியது. 'பொன்னியின் செல்வ'னில் அருள்மொழிவர்மன் விஷ ஜுரத்தோடு அங்கே கொண்டுவரப்படுகிறான், பிக்ஷுக்கள் மருந்து கொடுக்கிறார்கள், புயலில் கடல் பொங்குகிறது. அந்த அரசகுமாரன் பட்டத்துக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னால் நடக்கிற கதை. அவன் அரசனான பிறகு கட்டப்பட்ட விகாரம், கதையில் அவனுக்கு முன்பே தயாராக நிற்கிறது. சரித்திரப் பிழை என்று குதிக்க எனக்கு ஆசையில்லை. நாவலாசிரியனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. நான் கவனிப்பது வேறு. அந்த விகாரத்தில் ஒருவரும் விவாதிப்பதில்லை. பிக்ஷுக்கள் நல்லவர்கள், மருத்துவர்கள், ரகசியம் காப்பவர்கள். அவர்கள் எதை நம்பினார்கள், எதை மறுத்தார்கள், யாரோடு எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று ஒரு சொல் தங்கவில்லை நம் நினைவில். பௌத்தம் ஓர் ஆஸ்பத்திரி, ஓர் ஒளிவிடம். சினிமா எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

ஆனால் இது கல்கியோடு தொடங்கிய வியாதியல்ல. 'மணிமேகலை'யை நாம் படித்த விதத்திலேயே இது இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் அந்த நூலை 1898இல் பதிப்பித்தார். பௌத்தக் கலைச்சொற்கள் புரியாமல் அவர் தவித்ததும், கும்பகோணத்தில் ரங்காசாரியார் இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கியதும் அவரே சொன்ன சங்கதி. தமிழ்க் கடற்கரையில் பிறந்த காவியம் தமிழனுக்கு லண்டன் வழியாகப் புரிந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அவர் பட்ட பாட்டுக்கு நாம் கைகூப்பத்தான் வேண்டும். பதிப்போடு பௌத்த தர்மத்தைப் பற்றித் தனியே எழுதியும் சேர்த்தார். சரியாக அதே 1898இல் அயோத்திதாசர் கொழும்பு போய்ப் பௌத்தராகித் திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்குகிறார். ஒருவருக்குப் பௌத்தம் பாடபேதம்; மற்றவருக்கு அது பறிபோன வீடு. இந்த இரண்டு சம்பவங்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசிய விமர்சனம் ஒரு நூற்றாண்டுக்கு நம்மிடம் உண்டாகவில்லை. அயோத்திதாசர் எழுத்துக்கள் 1999இல் தொகுப்பாக வரும்வரை நம் வட்டத்தில் பலருக்கு அவர் பெயரே புதிது. எனக்கும்தான்.

சாமிநாதையருக்குப் பிறகு வந்த வாசிப்பு நூலை இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி கதை: மாதவியின் மகள், உதயகுமாரன், அமுதசுரபி, காயசண்டிகை. கீழ்ப்பாதி மதம்: அளவை, சமயக் கணக்கர், பவத்திறம். கதை கவிதை, மதம் கவிதையல்ல. உரையே அப்படித்தான் அமைந்தது: முதல் 26 காதைகளுக்கு ந. மு. வேங்கடசாமி நாட்டார், கடைசி நான்குக்கு ஔவை துரைசாமிப் பிள்ளை. அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வாசகர்கள் நாட்டாரோடு நின்றுவிட்டார்கள் என்பது தற்செயலல்ல. மேடைக்காரர்கள் இன்னும் சுருக்கிவிட்டார்கள். பசித்தவனுக்குச் சோறிடுவதைப் பற்றிய அந்த ஒரு வரி போதும் அவர்களுக்கு; அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டால் மணிமேகலை முடிந்தது.

இவர்கள் எல்லோரும் தாண்டிப் போகிற ஓர் இடத்தில் சற்று நிற்க வேண்டும். 16ஆம் காதை. ஆதிரை பிச்சையிட்ட காதை என்று பெயர் இருப்பதால் எல்லோரும் ஆதிரையின் கற்பைப் பேசுகிறார்கள்: கணவன் செத்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. இந்த மாதிரித் தீக்கு நம் இலக்கியத்தில் பஞ்சமில்லை. அதே காதையில் அவள் கணவன் சாதுவன் இருக்கிறான். கணிகை வீட்டிலும் சூதிலும் சொத்தை அழித்தவன். கப்பலேறிப் போகிறான், கப்பல் உடைகிறது, ஒடிந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர்மலையில் ஒதுங்குகிறான். நாகர்கள் அம்மணமாகத் திரிகிறவர்கள், மனிதரைத் தின்கிறவர்கள். மரத்தடியில் களைத்துத் தூங்குகிறவனைச் சூழ்ந்து எழுப்புகிறார்கள், நல்ல ஊன் கிடைத்தது என்று. அவன் எழுந்து அவர்கள் பாஷையில் பேசுகிறான். அவ்வளவுதான், அவர்கள் பின்வாங்குகிறார்கள். தீ சுடாத அதிசயத்தைவிட இது எனக்குப் பெரிய அதிசயம். அவன் எப்போது, எதற்காக அந்தப் பாஷையைக் கற்றான்? கற்றிருந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார் சாத்தனார். வியாபாரிக்குப் பாஷை ஒரு சரக்கு, காரணம் தேவையில்லை.

தலைவனிடம் கொண்டுபோகிறார்கள். கள்ளுப் பானைகளும் புலால் நாறும் எலும்புகளுமாக உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் பெண்டாட்டி. விருந்தாளிக்கு ஓர் இளம் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் வேண்டாம் என்கிறான். தலைவனுக்குக் கோபம். பெண்ணும் சாப்பாடும் இல்லையென்றால் உலகத்தில் என்னதான் இருக்கிறது, இருந்தால் காட்டு என்கிறான். நல்ல கேள்வி. பௌத்தத்தின் எதிரிகள் அத்தனை பேரும் கேட்டதைவிட நேரான கேள்வி. கொலையும் கள்ளும் கூடாது, நல்வினை தீவினைக்கு மறுபிறப்பு உண்டு என்கிறான் சாதுவன். தலைவன் சிரிக்கிறான். உடம்பை விட்டுப் போகிற உயிர் எங்கே எப்படிப் போய்ப் புகுந்துகொள்ளும் என்கிறான். சாதுவன் பதில் சொல்கிறான்: உயிர் இருக்கும்போது உடம்புக்குத் தெரிகிறது, போய்விட்டால் வெட்டினாலும் சுட்டாலும் தெரிவதில்லை, ஆகவே போனது ஒன்று உண்டு, வீடு மாறிப் போகிறவனுக்கு இன்னொரு வீடு உண்டு.

இங்கே நிற்க வேண்டும். இது பௌத்தமா? புத்தர் மறுத்தது இந்த வீடு மாறும் உயிரைத்தான். இதே நூலின் 30ஆம் காதையில், பேதைமை, செய்கை, உணர்வு என்று பன்னிரண்டு கண்ணிகளாக அறவண அடிகள் சார்புகளைச் சொல்கிறபோது நிலையான ஓர் உயிருக்கு அங்கே இடமே கிடையாது. சாத்தனாருக்கு இது தெரியாதா? தெரிந்தே சாதுவனை இப்படிப் பேசவிட்டிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். கரையில் எதிரே நிற்கிறவன் கையில் ஏந்தக்கூடியது எவ்வளவோ அவ்வளவைத்தான் சாதுவன் ஊற்றுகிறான். அவன் பிக்ஷு அல்ல. சூதாடிக் கெட்ட செட்டி. தனக்குத் தெரிந்த பௌத்தம் அவ்வளவுதான் என்றும் வைத்துக்கொள்ளலாம். எப்படி வைத்துக்கொண்டாலும் கவிஞர் இந்த இடத்தில் சாஸ்திரத்தைவிட மனிதனை அதிகம் நம்புகிறார்.

பின்னால் வருவது இன்னும் விசேஷம். தலைவன் ஒப்புக்கொள்கிறான், ஆனால் முழுக்க அல்ல. கள்ளையும் ஊனையும் விட்டால் என்னால் உயிரோடிருக்க முடியாது, எனக்குத் தகுந்த தர்மம் எதுவோ அதைச் சொல் என்று பேரம் பேசுகிறான். சாதுவன் நன்றாகச் சொன்னாய் என்கிறான். கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவனைக் கொல்லாதே. மூப்பில் சாகிற மிருகத்தைத் தவிர மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே. இவ்வளவுதான் ஒப்பந்தம். கள்ளைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. உலகத்தை உய்விக்க வந்த பெருந்தர்மம் கடைசியில் கடலோடிகளுக்கான ஒரு காப்புறுதியாகச் சுருங்கிவிடுகிறது என்று ஒருவன் ஏளனமும் செய்யலாம். எனக்கு அதில் ஏளனம் தோன்றவில்லை. உடைந்த கலத்தின் மனிதனைத் தின்னாதே என்பதைவிடக் கடற்கரைக்கு அவசியமான அறம் எது?

அதோடு முடியவில்லை. தலைவன் சந்தோஷப்பட்டு, முன்னால் கப்பல் உடைந்து ஒதுங்கி, தாங்கள் தின்றுவிட்ட மனிதர்களின் அகிலையும் துகிலையும் பொருளையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். சாதுவன் எடுத்துக்கொள்கிறான். செத்தவர்களின் சரக்கோடு சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் ஊர் திரும்பி, அந்தப் பணத்தில் தானதர்மம் செய்து வாழ்கிறான். அந்த வீட்டிலிருந்துதான் அமுதசுரபியில் விழுகிற முதல் பிச்சை வருகிறது. சாத்தனார் இதை ஒளிக்கவுமில்லை, சுட்டிக்காட்டிக் கண்ணடிக்கவுமில்லை. இத்தனையையும் மணிமேகலைக்குச் சொல்கிறவள் யானைத்தீ என்ற அடங்காப் பசியால் எரிந்துகொண்டிருக்கிற காயசண்டிகை. பிச்சைப் பாத்திரத்தின் அடியில் கடற்கொள்ளை கிடக்கிறது என்று தெரிந்தே எழுதிய காவியத்தைத்தான் நாம் கருணைக் காவியம் என்று ஒற்றைச் சொல்லில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இந்தக் காதையிலிருந்து 27ஆம் காதைக்குப் போனால் அது வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறது. வஞ்சியில் மணிமேகலை மாதவன் வேஷத்தில் பத்துச் சமயக் கணக்கர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறாள். பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டு வருகிறாள்; பெரும்பாலும் பதில் சொல்வதுகூட இல்லை. கண்ணால் கண்டதைத் தவிர வேறு பிரமாணம் இல்லை என்கிற பூதவாதியிடம் மட்டும் சிரித்துக்கொண்டு கேட்கிறாள்: உன் தாய் தகப்பன் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி எப்படி அறிந்தாய்? நாகர் தலைவன் சாதுவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு இது மறுசிரிப்பு. துறைமுகத்துக்காரர்களின் நூல் இது. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்களின் நூல்.

29ஆம் காதையின் தருக்கப் பகுதியைக் கவிதை என்று நான் வாதாடப் போவதில்லை. அது 'நியாயப்பிரவேசம்' என்ற சம்ஸ்கிருத நூலை அடியொற்றிப் போகிற மொழிபெயர்ப்பு. வறண்டு கிடக்கிறது. நாலு தடவை முயன்று மூன்று தடவை பாதியில் மூடி வைத்தவன் நான். ஆனால் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று ஒரு மொழி தன்னை வளைத்துக்கொள்ளப் படுகிற பாடு அதில் இருக்கிறது. பிரக்ஞை, படிமம், இருத்தலியல் என்று சொல் செய்துகொண்டு திண்டாடின நமக்குத்தான் அதைப் பார்த்து முதலில் ஓர் உறவு தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கருத்து வந்தால் கவிதை போய்விடும் என்பது நம் வட்டத்தின் நெடுநாளைய நம்பிக்கை. மேடைப் பாட்டும் கட்சிப் பாட்டும் காதைத் துளைத்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பிரசாரத்துக்குப் பயந்து விவாதத்தையே வெளியே தள்ளிவிட்டோம். அனுபவம், அனுபவம் என்று சொல்லிச் சொல்லி, யோசிப்பதும் ஓர் அனுபவம் என்பதை மறந்தோம். மணிமேகலையைப் பாதியாக வெட்டிய பண்டிதர்களையும் மேடைக்காரர்களையும் நாம் திட்டலாம். அவர்கள் வெட்டிய இடத்திலேயேதான் நம் கத்தியும் விழுந்திருக்கிறது.

அதன் பலன் சாதாரணமானதல்ல. குண்டலகேசி போயிற்று, ஐம்பெருங்காப்பியம் என்ற பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. அவள் சொன்னது என்ன என்று இன்று தெரிந்துகொள்ள அவளை மறுக்க எழுந்த 'நீலகேசி'யின் உரையைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பிம்பிசார கதையும் சித்தாந்தத் தொகையும் இதே கதிதான், பிறர் உரைகளில் தொற்றிக்கொண்டிருக்கிற துணுக்குகள். நாகைப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துப்போய் அரங்கத்து மதிலாக்கினார் என்ற கதையை வைஷ்ணவர்கள் பெருமையாகச் சொல்வதால்தான் அப்படி ஒரு புத்தர் இருந்ததாக ஒரு பேச்சே நிற்கிறது. எதிரி நினைவு வைத்திருக்கிறான். எதிரிக்காவது வாதம் முக்கியமாக இருந்திருக்கிறது. தப்பித்த பௌத்த நூல்களில் 'வீரசோழியம்' ஓர் இலக்கணம். வீரராஜேந்திரன் காலத்துப் புத்தமித்திரர் செய்தது. அகத்தியர் தமிழை அவலோகிதரிடம் கற்றார் என்று சொல்லத் துணிந்த நூல். அதையும் இலக்கணப் புலவர்கள் படித்தார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றிக் கவிஞர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. இந்தக் கரையில் எழுதப்பட்டதெல்லாம் தமிழிலேயே எழுதப்பட்டதல்ல. உரகபுரத்துக்காரரான புத்ததத்தர் (உறையூர் என்று கொள்வார்கள்) காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு விகாரத்தில் உட்கார்ந்து பாலியில் 'அபிதம்மாவதாரம்' எழுதினார். வேறொரு நூலின் முடிவில் களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தன் பெயரையும் சொல்லி வைத்தார். இலங்கையிலும் பர்மாவிலும் அவர் நூலைப் பிக்ஷுக்கள் விடாமல் படித்து வந்திருக்கிறார்கள். காவிரி முகத்துவாரத்தில் ஒருவன் உட்கார்ந்து யோசித்தது மௌல்மீனில் பாடம். நமக்கு அவர் தமிழ் எழுத்தாளர் அல்ல, ஆகவே ஒன்றுமில்லை. பெகுவில் தம்மசேதி அரசன் வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டு, 1476ஐ ஒட்டி இலங்கைக்குப் போய்த் திரும்பிய தேரர்களில் சிலர் கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கியதைச் சொல்கிறது. நடந்து நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் இருந்த இடத்தைப் பார்த்து, கடலோரத்தில் சீன தேசத்து அரசன் செய்வித்த குகையில் புத்தரை வணங்கினார்களாம். பர்மாக்காரன் கல்லில் நம் ஊர்ச் செய்தி. சாதுவன் கதை திருப்பி நடந்திருக்கிறது. கரையில் இருந்தவர்கள் அவர்களோடு எந்தப் பாஷையில் பேசினார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை.

மாயவரம் பக்கத்தில் பெருஞ்சேரியில் ஒரு புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ரிஷி என்று கும்பிடுகிறார்கள். வேறு சில ஊர்களில் அவர் செட்டியார். ஆராய்ச்சிக்காரர்கள் இதை அறியாமை என்று குறித்துக்கொள்கிறார்கள். சாதுவனைப் படித்த பிறகு செட்டியார் என்ற பெயர் எனக்கு அவ்வளவு தப்பாகப் படவில்லை.

பூம்புகாரில், மேலையூர்ப் பல்லவனேஸ்வரத்தில், 1960களில் தொல்பொருள் இலாகா தோண்டியபோது வரிசையாகச் சதுர அறைகள் கொண்ட ஒரு விகாரத்தின் அடித்தளம் வந்தது. கூடவே ஒரு கல்லில் புத்த பாதம். மணிபல்லவத்தில் மணிமேகலை கண்டு தன் முற்பிறப்பை அறிகிற பாதபீடிகை காவியத்தின் நடுநாயகம். அதன் ஊரிலேயே ஒரு பாதம் கிடைத்ததில் நமக்கு மயிர்க்கூச்செறியலாம். நான் அதைவிட அந்தக் கல்லையே யோசித்துக்கொண்டிருந்தேன். காவிரி முகத்துவாரத்து வண்டலில் கல் கிடையாது. அது கிருஷ்ணா நதிப் பக்கத்துப் பால்நாட்டுச் சுண்ணாம்புக் கல். அமராவதியில் செதுக்கியதும் அந்த இனம்தான். செதுக்கிய பிறகு வந்ததோ, கல்லாக வந்து இங்கே செதுக்கப்பட்டதோ, வடக்கேயிருந்து கரையோரமாகவே ஒரு கப்பலில் இறங்கி வந்திருக்க வேண்டும். துறையில் இறக்கும்போது எத்தனை பேர் பிடித்தார்கள், என்ன கூலி கேட்டார்கள், தெலுங்குக் கரைக்காரனும் புகார்க்காரனும் எந்த மொழியில் விலை பேசினார்கள் என்று யோசித்தபடி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.